ஒட்டாமல் வைத்திருந்த வரி

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அமெரிக்காவின் வடகோடியில் சுப்பீரியர் ஏரி உறைந்து கிடக்கும்போதும் சத்தியம், உருகி ஓடும்போதும் சத்தியம். கெவீனா தீபகற்பத்து ஆட்கள் பனியின் உயரத்தைப் பற்றி மட்டும்தான் பொய் சொல்வார்கள். அதையும் குறைத்துத்தான் சொல்வார்கள், வெளியூர்க்காரர்கள் நம்ப வேண்டுமே என்று.

ஏழாம் சுரங்கம் என்பது அங்கே ஓர் ஊரின் பெயர். தாமிரம் தீர்ந்து, சுரங்கம் மூடி, பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அந்த ஊரின் கடைசி வீட்டில் ஆர்விட் காங்கஸ் தனியாக இருந்தார். வாரப்பத்திரிகைக்கு இறப்பு அறிவிப்புகளைத் தட்டிக் கொடுப்பது அவர் வேலை. ஊரில் யார் பிறந்தாலும் அவருக்குத் தெரியாது. யார் போனாலும் அவருக்குத்தான் முதலில் ஆள் வரும். அவர் மேசையில் பழுப்பேறிய ஒரு கணினி இருந்தது. அதை அவர் ஆறு குளிர்காலமாக அணைத்ததில்லை.

அணைத்தால், வெட்டியதையும் நகலெடுத்ததையும் ஒட்டும் வரை கணினி பிடித்து வைத்திருக்கும் கிளிப்போர்டில் இருப்பது போய்விடும். அவருடைய கிளிப்போர்டில் இருந்தது, அண்ணன் ரெய்னோ கடைசியாக எழுதிய வரி.

அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் பேஸ்டியில் தொடங்க வேண்டும்.

அண்ணன் தம்பி இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். அப்பா கட்டிய வீட்டில் ஆளுக்கோர் அறை. ஒரு சனிக்கிழமை ரெய்னோ பேஸ்டி சுட்டார். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருட்டபேகா கிழங்கு இவற்றை மாவில் வைத்து மடித்துச் சுட்டால் அது பேஸ்டி. ரெய்னோ அதில் கேரட்டைப் போட்டுவிட்டார். ஆர்விட் ஒரு வாய் கடித்தார். கடித்ததைத் தட்டிலேயே திருப்பி வைத்து, இது என்ன என்று கேட்டார். கேரட் என்றார் ரெய்னோ. அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது.

பேஸ்டியில் கேரட் சேரலாமா கூடாதா என்பதற்காகக் குடும்பம் உடைவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஏழாம் சுரங்கத்துச் சபையே ஒரு காலத்தில் அந்தக் காரணத்தால் இரண்டாகி, தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தேவாலயம் கட்டிக்கொண்டது. இரண்டிலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குவார்கள்.

பேச்சு நின்றாலும் கூரை ஒன்றுதான். விறகு பிளப்பது, வாசல் பனியைத் தள்ளுவது, சனிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்கு யார் தீ மூட்டுவது என்று சொல்லியாக வேண்டியவை தினமும் ஏதாவது இருந்தன. அதற்காக ஆர்விட்டின் கணினியில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டார்கள். விடியலில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகுமுன் ரெய்னோ ஒரு வரி எழுதுவார். மாலையில் அதற்குக் கீழே ஆர்விட் ஒரு வரி எழுதுவார். பெயர் போடுவதில்லை. மேல் வரி ஒருவர், கீழ் வரி ஒருவர்.

"விறகு நனஞ்சு கிடக்கு. மூடாம விட்டது யாருன்னு நான் கேக்கல."

"கேக்காததுக்கு நன்றி."

"உன் பூட்ஸ் என் பூட்ஸ் மேல சாஞ்சு நிக்குது."

"அதுங்களாவது பேசிக்கட்டும்."

இப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று. பிறகு ஒரு மாலை ஆர்விட் கொஞ்சம் காரமாக ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்தார். என்ன எழுதினார் என்பது மறுநாள் அவருக்கே சரியாக நினைவில்லை. காரம் மட்டும் நாக்கில் இருந்தது.

மறுநாள் எழுந்தபோது ரெய்னோ ஏரிக்குப் போயிருந்தார். ஆர்விட் கோப்பைத் திறந்தார். அவர்கள் எழுதப் பயன்படுத்திய எடிட்டர் ஆளுக்குத் தனிக் கணக்கு வைத்து, கோப்பை அவரவர் கடைசியாக எந்த இடத்தில் விட்டாரோ அதே இடத்தில் கர்சரை நிறுத்தித் திறந்து கொடுக்கும். கீழே புதிதாக ஒரு வரி ஓடுவது ஓரக்கண்ணில் பட்டதுமே ஆர்விட் கண்ணை இறுக மூடிக்கொண்டார். படித்தால் பதில் எழுத வேண்டிவரும். பதில் எழுதினால் பணிந்ததாகிவிடும். மூடிய கண்ணோடு வெட்டும் விசையை அமுக்கினார். அந்த எடிட்டரில் எதையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. சும்மா அமுக்கினாலே ஒரு முழு வரி போய்விடும். சேமித்தார், மூடினார், அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். மனசு நிறைந்து காப்பி போட்டுக் குடித்தார்.

மதியம் மெல்வின் ஹோக்கிங் வந்தார். ஊர்ப் பாதையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர், காங்கஸ் வீட்டுக்கு அடுத்த வீடு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெல்வின் தொப்பியைக் கழற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஏரியின் மேல் நிறுத்தியிருந்த மரக்குடிலில், கவிழ்த்த வாளியின் மேல் ரெய்னோ உட்கார்ந்தபடியே போயிருந்தார். தூண்டில் கயிறு கையில் இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு டிரவுட் மீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. இறந்தவருக்கு மரியாதையாக மெல்வின் அதை அவிழ்த்து ஏரியில் விட்டுவிட்டார். எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு கையையும் விரிப்பார். அறை சிறியதாக இருந்தால் வெளியே வந்து விரிப்பார். குடிலில் இன்னொரு வாளியும் கவிழ்த்திருந்தது. அதன் மேல் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. காலை நீட்டிக்கொள்ள வைத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அண்ணனின் அறிவிப்பையும் ஆர்விட்தான் தட்ட வேண்டியிருந்தது. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டினார். வேறு பெயர் இல்லாததால் அந்த வரி சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுத்து எல்லா அறிவிப்பிலும் வருகிற "அடக்கத்துக்குப் பின் தேவாலயக் கீழ்த்தளத்தில் மதிய உணவு" என்பதைப் பழைய அறிவிப்பிலிருந்து நகலெடுக்கப் போனார். விரல் நகலெடுக்கும் சி விசைக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது.

கிளிப்போர்டில் ஒன்றுதான் நிற்கும். புதியது வந்தால் பழையது போயிற்று. காலையில் வெட்டியதை அவர் எங்கும் ஒட்டவில்லை. அண்ணன் எழுதிய வரி வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும் இருந்தது.

ஒட்டிப் படித்திருக்கலாம். அவரும் அதை நினைக்காமல் இல்லை. திட்டியிருந்தால், அந்த வீட்டில் கடைசியாக எழுதப்பட்டது ஒரு திட்டு என்றாகும். சமாதானமாக எழுதியிருந்தால், அதைப் படிக்காமல் வீசியவர் அவர் என்றாகும். எதுவாக இருந்தாலும் படித்து முடித்தால் முடிந்தது. படிக்காத வரைக்கும் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தபடி பக்கத்து அறையில் இருக்கிறார். ஆர்விட் மதிய உணவை எழுத்தெழுத்தாகத் தட்டி முடித்தார்.

அன்றைக்கே கத்தியின் முனையால் நெம்பி சி விசையையும் எக்ஸ் விசையையும் பெயர்த்து எடுத்துச் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். கை பழக்கத்தில் நகலெடுத்துவிடவோ வெட்டிவிடவோ கூடாது அல்லவா.

ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள் சாகும் வரை சிக்கல் இல்லை. அவர்கள் பெயர்களில் சி வருவதே இல்லை, எக்ஸ் அறவே கிடையாது. லாம்பினென், ஹெய்க்கினென், யார்வி என்று வரிசையாக நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். சிக்கல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் குடும்பங்களால் வந்தது. கர்னோ, கோக், செனவெத், எல்லாம் சி. அதைவிடப் பெரிய சிக்கல், தேவாலயம், கல்லறை, காப்பி ஆகிய மூன்றுமே ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்கும். இந்த மூன்றும் இல்லாமல் கெவீனாவில் யாரையும் புதைக்க முடியாது.

சி இருக்கும் சொல் ஒவ்வொன்றையும் பழைய அறிவிப்புகளிலிருந்து எடுத்து வர வேண்டும், ஆனால் கிளிப்போர்டு வழியாக எடுத்து வரக் கூடாது. அந்த எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணைய மன்றத்தில் ஆர்விட் போய்க் கேட்டார். கர்சர் நிற்கும் சொல்லை, கிளிப்போர்டைத் தொடாமல் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோக வழி உண்டா? பலர் பல கேலி செய்தார்கள். ஒருத்தர் மட்டும் பதில் எழுதினார். வெர்னா ஃப்ரீசன், கனடாவின் மானிடோபாவில் ஒரு தானியக் கிடங்கின் கணக்கு பார்க்கிறவர்.

வெர்னா ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினார், கணினிக்கான சின்னக் கட்டளைத் தொகுப்பு. கர்சர் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் நடந்து சொல்லின் தொடக்கத்தைத் தொடும். முன்னால் நடந்து முடிவைத் தொடும். இடையில் இருப்பதைத் தன் பையில் போட்டுக்கொள்ளும். போகச் சொன்ன இடத்தில் இறக்கி வைக்கும். கிளிப்போர்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. ஆர்விட் முதன்முதலில் அதைக்கொண்டு எடுத்து வந்த சொல் காப்பி.

பிறகு ஒரு சொல் போதாமல் ஒரு வாக்கியம், ஒரு வாக்கியம் போதாமல் தேர்ந்தெடுத்த பத்தி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு கட்டத்தில் அந்த ஸ்கிரிப்ட் அவரை விடத் தேர்ந்துவிட்டது. பெயரைத் தட்டினால் மிச்சத்தை அதுவே பழைய அறிவிப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்து வைக்கும். ஒருமுறை யாரும் கேட்காமலே ஆல்மா கர்னோவின் அறிவிப்பை உருவாக்கி வைத்துவிட்டது. ஆல்மா அப்போது உயிரோடு, அடுத்த தெருவில் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தார். ஆர்விட் அதைக் கொண்டுபோய்க் காட்டி மன்னிப்புக் கேட்டார். ஆல்மா இரண்டு தரம் படித்து, நன்றாகத்தான் இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம் என்றார். அடுத்த வாரமே அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டார்.

இதற்கு நடுவில் கணினி அடிக்கடி, புதிய பதிப்பு வந்திருக்கிறது, அணைத்துப் போடட்டுமா என்று கேட்கும். பிறகு என்று அமுக்குவார். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் கேட்டது, பிறகு தினமும் கேட்டது, பிறகு கெஞ்சியது, கடைசியில் அதுவும் விட்டுவிட்டது. மின்சாரம் போனால் தாங்க மேசைக்கு அடியில் ஒரு பேட்டரிப் பெட்டி. அதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி. கம்பளிப் போர்வை ரெய்னோவினுடையது. அதைக் கணினிக்குப் போர்த்தியிருந்தார்.

சனிக்கிழமைகளில் சவுனாவுக்கு இரண்டு பேர் அளவுக்கு விறகு போட்டு மூட்டுவார். ஒருவர் அளவுக்கு மூட்ட அவருக்குத் தெரியாது. மேல் பலகையில் வலது பக்கம் உட்கார்ந்து, சூடான கற்களின் மேல் தண்ணீர் ஊற்றுவார். ஆவி எழுந்து முதலில் இடது பக்கம் போய்ச் சுற்றிவிட்டுத்தான் அவரிடம் வரும்.

அந்த ஆறு குளிர்காலத்தில் அவர் பேசியது என்று சொன்னால் வெர்னாவோடு எழுதியதைத்தான் சொல்ல வேண்டும். அத்தனையும் சொற்களைப் பற்றியும் தேர்ந்தெடுத்த பகுதிகளைப் பற்றியும்தான். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. உன் ஸ்கிரிப்ட் கிளிப்போர்டைக் கடன் வாங்கினால், அதில் இருந்ததை முதலில் எடுத்து ஓரமாக வை. வேலை முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வை. வெர்னா அதில் கறார். ஒருமுறை அவரே கேட்டார்.

"காங்கஸ், உங்க கிளிப்போர்டுல அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க? வைரமா?"

"ஒரு வரி."

"அத ஒரு ஃபைல்ல எழுதி வைக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதுமே. நீங்க படிக்கக்கூட வேணாம், அது பாட்டுக்கு எழுதிடும்."

"எனக்கு முன்னாடி அது படிச்சிடும்ல."

மறுநாள் வெர்னா தன் தொலைபேசி எண்ணை மட்டும் அனுப்பினார். அவசரம் வந்தால் கூப்பிடுங்கள், அவசரம் இல்லாமல் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆர்விட் அதைக் கதவு நிலையில் பென்சிலால் எழுதி வைத்தார். வேறு யார் எண்ணும் அங்கே இல்லை.

ஆறாவது குளிர்காலத்தில் ஏரியின் மேலிருந்து அந்தப் புயல் வந்தது. பனி கீழிருந்து மேலே பெய்தது. கீழ்த்தளத்து ஜன்னல்கள் எல்லாம் மூடி, ஆட்கள் மாடி ஜன்னல் வழியாகப் போய் வந்தார்கள். புகைபோக்கியிலிருந்து வெளியே வந்த புகை குளிர் தாங்காமல் திரும்பி உள்ளேயே வந்துவிட்டதாக மூன்று வீடுகளில் சொன்னார்கள். காலைக் காப்பி கொதிக்கும்போது ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று.

பேட்டரிப் பெட்டி கத்தத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்த பெட்டியும் கத்தியது. ஆர்விட் மாடி ஜன்னலைத் திறந்து மெல்வினைக் கூப்பிட்டார். மெல்வின் லாரியைப் பனி மேலேயே ஏற்றிக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். லாரி பேட்டரியிலிருந்து கம்பியை இழுத்து, மாடிப்படி வழியாகக் கீழே மேசை வரைக்கும் விட்டார்கள். கணினி அணையவில்லை. லாரி எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்று ஆர்விட் கேட்டார்.

"டேங்க்குல டீசல் வாசம்தான் இருக்குப்பா. பெட்ரோல் பங்க்குக்குப் போலாம்னா பாதையையே காணோம். பாதைய நான்தான் தள்ளணும், தள்ள லாரி வேணும், லாரி இங்க உன் கம்ப்யூட்டருக்குப் பால் குடுத்துக்கிட்டு நிக்குது."

ஆர்விட் தொலைபேசியை எடுத்தார். சுரங்கக்காரர்கள் தரைக்கு அடியில் போட்ட கம்பி அது. மேலே என்ன நடந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

"வெர்னா ஃப்ரீசனுங்களா?"

"ஆமா, யாரு?"

"காங்கஸ்."

"நீங்க இன்னும் கொஞ்சம் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் வெர்னா. "குரல வெச்சுச் சொல்றேன். என்ன அவசரம்?"

ஆர்விட் சொன்னார். பேஸ்டியிலிருந்து தொடங்கிச் சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வெர்னா நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு மூச்சு விட்டு, தொழிலுக்கு வந்துவிட்டார்.

"சரி. நாலு வரி ஸ்கிரிப்ட். நான் சொல்லச் சொல்ல அடிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, வெட்டினப்ப எதை எதை செலக்ட் பண்ணினீங்க? வரி மட்டுமா, கீழ இருந்த காலி வரியும் சேர்த்தா?"

"எதையும் செலக்ட் பண்ணலங்க. சும்மா அமுக்கினேன்."

"கண்ண மூடிக்கிட்டு."

"ஆமா."

"சும்மா அமுக்கினா அது கர்சர் நிக்கிற வரியத்தான் வெட்டும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"கர்சர் எந்த வரியில நின்னுச்சு?"

ஆர்விட் பதில் சொல்ல வாயைத் திறந்தார். லாரி எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு மறுபடியும் ஓடியது.

"நேத்து விட்ட இடத்துல," என்றார்.

"நேத்து எங்க விட்டீங்க?"

"என் வரியோட கடைசியில."

மானிடோபாவிலும் காற்று அடிப்பது தொலைபேசியில் கேட்டது.

"காங்கஸ்," என்றார் பிறகு, மெதுவாக. "நீங்க ஆறு வருஷமா போர்வ போத்தி வெச்சிருக்கிறது உங்க வரிய."

இந்தத் தவறு வேறெந்தத் தொழிலிலும் நடக்காது. மரம் வெட்டுகிறவர் கண்ணை மூடி வெட்டினாலும் எந்த மரம் விழுந்தது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"அந்த ஃபைல் இருக்கா?" என்று கேட்டார் வெர்னா.

"இருக்கும். அதுக்கப்புறம் நான் திறக்கல."

"ஒரு தடவகூடவா?"

"அதுலதான் அவர் இல்லயே."

மாடியிலிருந்து மெல்வின் கத்தினார். "ஆர்விட்டு, இனிமே வாசம்கூட இல்ல. செய்யறத செய்."

ஆர்விட் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து ஒட்டும் விசையை அமுக்கினார். ஆறு குளிர்காலம் கழித்து அந்த வரி திரையில் வந்து நின்றது.

"இனிமே நீ எழுதுற எதையும் நான் படிக்கப் போறதில்ல."

அவருடைய வரிதான். காரம் கொஞ்சமும் குறையாமல் இருந்தது. மெல்வின் படியிறங்கி வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். ஆர்விட் பழைய கோப்பைத் திறந்தார். எடிட்டர் வழக்கம்போல் அவர் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அவர் வரி இருந்த இடம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அந்த இடத்தில், கர்சருக்கு நேராக, தேடவே தேவையில்லாமல் ரெய்னோவின் வரி இருந்தது.

"உன் பேஸ்டியில கேரட்டப் பொறுக்கி எடுத்துட்டேன். ரெண்டாவது வாளியும் எடுத்துக்கிட்டுப் போறேன். வர்றதுன்னா வா."

ஆர்விட் படித்தார். லாரி அதற்குள் நின்றுவிட்டது. பேட்டரிப் பெட்டிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. திரை கறுத்து, அதில் இரண்டு கிழவர்களின் முகம் தெரிந்தது.

மெல்வின் கனைத்துக்கொண்டார்.

"குடில்ல துணியில கட்டி ஒரு பேஸ்டி இருந்துச்சுப்பா," என்றார். "வீணாப் போகுமேன்னு நான்தான் தின்னேன். அதுல கேரட் இல்ல. ரெய்னோ சுட்டது ஆச்சே, எப்படி இல்லாமப் போச்சுன்னு அப்பவே யோசிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ஓட்ட ஓட்டயா இருந்துச்சு. கையாலயே தோண்டி எடுத்திருக்கான். ஆனா நல்லா இருந்துச்சு."

தொலைபேசி இன்னும் மேசையில் கிடந்தது. வெர்னா அதற்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆர்விட் எடுத்துக் காதில் வைத்தார்.

"என்ன எழுதியிருக்காரு?"

"கூப்பிட்டிருக்காரு."

"எங்க?"

"ஏரிக்கு."

மறுபடியும் காற்றின் சத்தம். "அப்ப போங்க," என்றார் வெர்னா. "ஏற்கனவே லேட்டு." பிறகு கொஞ்சம் தயங்கி, அவசரம் இல்லாவிட்டாலும் இனிமேல் கூப்பிடலாம் என்றார். ஆர்விட் சரி என்றார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றால், அதற்குள் தொலைபேசி வைக்கப்பட்டிருந்தது.

புயல் ஓய்ந்து மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழுந்தது. ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்ட புதிய பதிப்புகளையெல்லாம் வரிசையாகப் போட்டுக்கொண்டு, புதுமாப்பிள்ளை போல வந்து நின்றது. கிளிப்போர்டில் ஒன்றும் இல்லை. ஆர்விட் சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து சி விசையையும் எக்ஸ் விசையையும் எடுத்துத் துடைத்து, அதனதன் இடத்தில் அழுத்தி வைத்தார். சி கொஞ்சம் இனித்தது. எக்ஸை அவர் நக்கிப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து, ரெய்னோவின் வரிக்குக் கீழே "வர்றேன்" என்று தட்டிச் சேமித்தார். போர்வையை மடித்து அண்ணன் கட்டிலில் வைத்தார்.

கொட்டகையில் இரண்டு வாளிகளும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தன. பிரிக்கக் கொஞ்சம் வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியின் மேல் நடந்தார். குடில் எப்போதோ விறகாகிவிட்டது. அது நின்ற இடம் தெரியும். பனியைத் தள்ளி, கடப்பாரையால் உறைந்த நீரில் ஒரு துளை போட்டு, இரண்டு வாளிகளையும் துளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகக் கவிழ்த்தார். எதிர் வாளியின் மேல் சாக்கை மடித்துப் போட்டார்.

ஓர் அறிவிப்பும் காத்திருக்கவில்லை. ஊரில் அந்த வாரம் யாரும் சாகவில்லை. ஏரியில் அவரைத் தவிர யாரும் இல்லை. கரையில் தேவாலயங்கள் இரண்டும் பாதிவரை புதைந்து நின்றன. அவர் கட்டி எடுத்துவந்த பேஸ்டியை மடியில் வைத்துப் பிரித்தார். இரண்டாக விண்டு, ஒரு பாதியை எதிரே சாக்கின் மேல் வைத்தார். அந்தப் பாதியில் கேரட் போட்டிருந்தார்.

மீன் கடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி, வெளிச்சம் இருக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எதிர் வாளியில் கொஞ்ச நேரத்தில் பனி வந்து உட்கார்ந்தது. பேசாமல் உட்கார்ந்திருப்பதில் அது ரெய்னோவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததாக இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: ரெய்னோவை அடக்கம் செய்து இரண்டு வசந்தம் கழிந்த பிறகுதான் ஆர்விட் அந்தக் கணினியை வாங்கினார், ஆனாலும் மேலே சொன்ன ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.